யாரோ கழித்த துணி

துறைமுகத்துக்கும் எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் எண்ணெய் துடைக்கத் துணி வேண்டும். வீடு வீடாகச் சேர்ந்த பழைய துணி அதற்காகத் தண்டையார்பேட்டையில் ஒரு கிடங்குக்கு மூட்டை மூட்டையாக வரும். பட்டன், ஜிப், கொக்கியெல்லாம் பிய்த்துவிட்டு, கைக்குட்டை அளவுக்கு வெட்டிக் கட்டி அனுப்புவார்கள். பரசுராமனுக்கு வெட்டுகிற வேலை. கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்தவர், தலை பாதி நரைக்கும்வரை அங்கேயே இருந்தார். பேச்சு குறைவு. கத்தரியின் சத்தத்துக்கு மேலே பேசுவது கஷ்டம் என்று அவரே சொல்வார்.

ஒரு மழைக்காலத்தில், யாரோ காலி செய்த பெரிய வீட்டிலிருந்து ஒரு மூட்டை வந்தது. அதில் ஒரு ஜன்னல் திரை இருந்தது. கனத்த பருத்தி. செங்கல் நிறத்தில் கறுப்பு இலைகள், ஒவ்வொன்றும் முறம் அகலம். ஓரத்தில் ஒரு பெண்ணின் பெயர் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. பரசுராமன் கத்தரியை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

முதலாளி மனோகரனிடம் போய்க் கேட்டார். "மொதலாளி, இத நான் எட்டுகினு போவட்டா?"

"கந்தல்தான. எட்டுகினு போ."

துவைத்து வாசல் கம்பியில் போட்டார். ராயபுரத்தில் அவர் குடியிருந்த தெருவில் பழைய கதவு, ஜன்னல் விற்கும் கடை ஒன்று உண்டு. அங்கே வந்திருந்த ஒரு கட்டட வடிவமைப்பாளர் அம்மாள் கம்பியைப் பார்த்து நின்றுவிட்டார். அந்தப் பெயர் பம்பாயில் ஒரு காலத்தில் திரையும் படுக்கை விரிப்பும் வடிவமைத்தவருடையது என்றும், இப்போது அதைத் தேடித்தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். அன்றே வாங்கிக்கொண்டும் போனார்.

பரசுராமனுக்கு வந்த பணத்தைவிட, அந்த அம்மாள் துணியை மடித்த விதம்தான் மனதில் நின்றது. கைக்குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனார்.

அப்புறம் பரசுராமன் மூட்டைகளைப் பார்த்த பார்வையே வேறு. மேஜை விரிப்பு, மெத்தை உறை, பெரிய காலர் வைத்த சட்டை, கணுக்கால்வரை தொங்கும் கவுன், சஃபாரி கோட்டு. காலரைத் திருப்பி லேபிள் பார்ப்பார், தையலை நகத்தால் தடவுவார், தேறியதை வீட்டுக்கு எடுத்துவந்துவிடுவார். யானைக்கவுனிப் பக்கம் பழைய சாமான் எடுப்பவர்களிடம் சொல்லிவைத்தார். துணிகளைப் படம் போட்டு விற்க, மகள் மதி அவர் போனில் இணையப் பக்கம் ஒன்று தொடங்கிக் கொடுத்தாள். பெங்களூரிலிருந்தும் புனேயிலிருந்தும் ஆட்கள் கேட்க ஆரம்பித்தார்கள். கிடங்கு வேலையை விட்டுவிட்டார்.

வீட்டில்தான் ஒத்துவரவில்லை. மனைவி கோவிந்தம்மா காசிமேட்டுக் கடலோரக் குடும்பம், கருவாடு விற்பவர். ஊர் பூரா சுற்றி எல்லோரிடமும் பேசிவிட்டு வந்து, இரண்டே அறை வீட்டில் யார் யாருடைய உடுப்போ தொங்குவதைப் பார்ப்பார்.

"எந்தச் செத்தவ கட்னதோ. ஒரு தபா தொவைச்சா பூடுமா அது?"

"அல்லாம் செத்தவங்களுதா? ஊர வுட்டுப் போனவங்க துணியும் கீது."

"வெளக்கு வெக்கிற வூட்ல வேணாம்னா வுடேன்."

மொட்டைமாடியில் காயப்போட்டால் துறைமுகப் பக்கத்துக் கரித்தூள் படிந்துவிடும் என்று பரசுராமன் உள்ளேயே கயிறு கட்டினார். அந்துப்பூச்சி அரிக்காமல் இருக்க வசம்பைத் துணியில் முடிந்து மடிப்புக்கு மடிப்பு வைத்தார். கருவாட்டு வாசனை துணியில் ஏறும் என்று ஒரு நாள் மனைவியின் கூடையை எடுத்து வாசலில் வைத்தார். அன்றிலிருந்து கோவிந்தம்மா கூடையை வாசலிலேயே இறக்கினார்.

மதியைக் கட்டிக்கொடுத்தது மீஞ்சூரில். முதல் பிரசவத்துக்கு உதவியாகக் கோவிந்தம்மா அங்கே போனார். குழந்தை குப்புற விழட்டும், வருகிறேன் என்றார். பிறகு தவழட்டும் என்றார். பிறகு அந்தப் பேச்சே இல்லை, போனில் "சாப்டியா?" என்று மட்டும் கேட்பார்.

பரசுராமன் துணிகளோடு இருந்தார். மனைவியின் புடவை இருந்த தட்டில் மேஜை விரிப்புகளை அடுக்கினார். கட்டிலில் மெத்தை உறைகள் ஏறின. அவர் தரையில் பாய் போட்டுக்கொண்டார். காலையில் டீக்கடை, மத்தியானம் பொட்டலச் சோறு. வாரக்கணக்கில் டீக்கடைக்காரரைத் தவிர யாரிடமும் முகம் பார்த்துப் பேசாமல் கழிந்தது. போனில் பேசுகிறவர்கள் நீளம், அகலம், கறை உண்டா என்று கேட்பார்கள். சொன்னதும் நன்றி சொல்லி வைத்துவிடுவார்கள்.

போனில் பேசிய ஒருவர், ஆள் போட்டிருப்பதுபோல ஒரு கோட்டுக்குப் படம் கேட்டார். வேறு ஆள் இல்லை. பரசுராமனே போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். பழுப்பு நிறக் கோட்டு. முன்பு போட்டிருந்தவர் கையை மடக்கி மடக்கி முழங்கையில் விழுந்த சுருக்கம் அவர் முழங்கைக்கு ஓர் அங்குலம் கீழே இருந்தது. நல்ல உயரமான ஆள். எங்கே வேலை பார்த்தாரோ, யாரோடு சாப்பிட்டாரோ. பரசுராமன் படம் எடுத்து அனுப்பியபின்னும் கோட்டைக் கழற்றவில்லை. வெளியே குடிதண்ணீர் லாரி வந்து எல்லோரும் குடத்தோடு ஓடும் சத்தம் கேட்டது. அவர் கோட்டோடு பாயில் உட்கார்ந்திருந்தார்.

போன வருடம் கோடையில் திலீப் என்பவர் வந்தார். சினிமாவுக்கு அரங்கம் அமைக்கும் குழுவில் இருப்பவர். எழுபதுகளில் நடக்கும் கதை, ஒரு பணக்காரக் குடும்பம், பெரிய பங்களா. இரண்டு அறைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு வியப்பில் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"எல்லாத்தையும் கொடுத்துடுறீங்களாண்ணே?"

"அல்லாமா?"

"எல்லாமும்தான்."

பரசுராமன் கயிற்றில் தொங்கிய ஒரு கவுனை எடுத்து மடித்தார். சரி என்றார். சின்ன லாரி வந்தது. இருட்டுவதற்குள் வீடு காலி. ரொம்ப நாளைக்கப்புறம் சுவர் தெரிந்தது. கயிறு உரசிய இடமெல்லாம் கோடு. மறுநாள் கயிறுகளை அறுத்தார். சுண்ணாம்பு அடித்தார், தரையை அலசிவிட்டார். குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மீஞ்சூருக்கு ரயில் ஏறினார். வழியில் எண்ணூர் ஸ்டேஷனில் பேத்திக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினார்.

கோவிந்தம்மா பேத்திக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும், "தட்டு எட்டுகினு வந்து குந்து" என்றார். மகள் கடைக்குப் போயிருந்தாள். பரசுராமன் தட்டை எடுக்கவில்லை.

"வூடு காலியா கீது."

"இன்னாத்துக்கு?"

"அல்லாத்தயும் குட்துட்டேன். ஒரு துணி இல்ல. சொவுத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சிகீறேன். நீ வரலாம்."

கோவிந்தம்மா குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டார். குழந்தை இறங்கி ஓடியது.

"துணிதான் காரணம்னு நெனச்சிகினியா?"

"நீதான சொன்ன."

"சொன்னேன். வேற இன்னான்னு சொல்றது. நீ அந்தக் கயித்துக்கடில குந்திகினு ஒண்ணொண்ணா தடவிப் பாத்துகினு இருப்ப. நான் சோத்த வெச்சிட்டு நிப்பேன். திரும்பிப் பாக்கமாட்ட. கெடங்குல இருந்தப்பவும் அப்டித்தான். அப்ப கத்திரி, அப்பால துணி. நாளிக்கி வேற எதுனா வரும்."

மனைவி சண்டை போடுவார் என்று பரசுராமன் நினைத்திருந்தார். அந்தக் குரலில் கோபமே இல்லை.

"இங்க பேச ஆளு கீது," என்றார் கோவிந்தம்மா. "இந்தப் பொண்ணு கீது. எதுர்வூட்டுக்காரி கீது. நான் இங்கயே இருந்துக்கறேன்."

"அப்ப நான் இங்க வந்துடட்டா?"

கோவிந்தம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "மருமவன் வூடு. ரெண்டு பேரும் வந்து குந்திகினா நல்லாவா இருக்கும்? ஞாயித்துக்கெயம வா. மீன் கொயம்பு வெக்கிறேன்."

சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார். மதி வாசல்வரை வந்து, "பாத்துப் போ நைனா" என்றாள். மீஞ்சூர் நடைமேடையில் ரயிலுக்காக நின்றபோது போன் அடித்தது. எப்போதோ ஒரு படுக்கை விரிப்பு வாங்கிய புனேக்காரப் பெண். தமிழ்க் குடும்பம். புதிதாக எதுவும் வந்திருக்கிறதா என்று கேட்டார்.

"இப்ப எதுவும் இல்லம்மா," என்றார் பரசுராமன். பிறகு, தான் என்றைக்கும் யாரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டார். "நீங்க வாங்கிகினு போனீங்களே, அது எப்டி கீது உங்க வூட்ல? யாரு படுத்துக்குறாங்க அதுல?"

"நல்லாருக்குங்க. இன்னொரு கால் வருது, அப்புறம் பேசறேன்."

அந்தப் பெண் அப்புறம் பேசவில்லை.

இப்போது பரசுராமன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மீஞ்சூர் போகிறார். சாப்பிடும்போது போனை எடுப்பதில்லை. ஏதாவது பேச வேண்டும் என்று, வாரத்தில் பார்த்ததைச் சேர்த்துவைத்துக்கொண்டு போகிறார்: தெருவில் பள்ளம் தோண்டியது, டீக்கடைக்காரர் மகனுக்குப் பெண் பார்த்தது. கோவிந்தம்மா கேட்டுக்கொள்கிறார். சில சமயம் "அப்பால?" என்கிறார். அதற்கு மேல் சொல்ல அவரிடம் இருப்பதில்லை. சாயங்காலம் ரயிலேறிவிடுகிறார். எண்ணூரில் ஷிப்ட் முடிந்தவர்கள் கூட்டமாக ஏறி, சீட்டுக்கு இடித்துக்கொண்டு, ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டே வருவார்கள். இவர் ஜன்னலோரம் நகர்ந்து அவர்களுக்கு இடம் விடுவார்.