கம்ப்யூட்டர் விடாத லாரி

எண்பதுகளின் பின்பாதியில், சுங்கை லாலாங் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்ட ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதை இயக்க, கணக்கு எழுதும் சின்னக் கிராணியான என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். திறமையைப் பார்த்து அல்ல, மூக்குக்கண்ணாடியைப் பார்த்து. சாப்பாட்டு வேளையில்கூட ஏதாவது நாவலைப் பிரித்து வைத்திருப்பவன், எப்படியும் ஆபத்தில்லாதவன் என்று மேனேஜர் துரை நினைத்திருக்கலாம். பயிற்சிக்கு அலோர் ஸ்டாருக்கு அனுப்பினார்கள். அங்கே நான் பிழையில்லாமல் கற்றுக்கொண்டது இயந்திரத்தை அணைப்பது.

அது வேலை செய்ததைவிடக் கேள்வி கேட்டதுதான் அதிகம். பழைய கணக்கு ஒன்றை அழிக்கப் போனால் “நிச்சயமாகவா?” என்று பச்சை எழுத்தில் கேட்கும். ஆமாம் என்றால், “அழித்தால் திரும்ப வராது, தொடரவா?” என்னும். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட என்னை இவ்வளவு துருவவில்லை. துருவியிருந்தால் கல்யாணம் நடந்திருக்காது.

தோட்டத்தில் எதற்கும் மேலே கேட்டுத்தான் ஆக வேண்டும். தொழிலாளி தன்னை மேய்க்கும் மண்டோரைக் கேட்பார், மண்டோர் என்னை, நான் பெரிய கிராணியை, பெரிய கிராணி துரையை. இந்த ஏணியில் கம்ப்யூட்டர் எங்கே நிற்கிறது என்பது ஜூலை மாதக் கடைசியில், ஒரு சனிக்கிழமை மத்தியானம் தெரிந்தது. அது துரைக்கும் மேலே உட்கார்ந்திருந்தது.

அன்றைக்குப் புக்கிட் மெர்தாஜாமில் அன்னம்மாள் திருவிழா. சாயங்காலம் மெழுகுவத்திப் பவனி. எங்கள் தோட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வருஷம் பூராவும் காத்திருப்பது அந்த ஒரு பவனிக்காக. தோட்டத்து லாரியில் போக துரை முந்தின வாரமே வாயால் சம்மதம் சொல்லிவிட்டார். பெரிய கிராணியும் சரி என்றார். சொல்லிவிட்டு, பவனியில் அன்னம்மாள் சுரூபம் தூக்கும் பாக்கியம் கிடைத்த சந்தோஷத்தில் முதல் நாளே தன் காரில் கிளம்பிப் போய்விட்டார். துரை கோல்ஃப் ஆடப் போயிருந்தார்.

லாரி கேட்டுக்குப் போனது. காவலுக்கு நின்ற ஜாகா திறக்கவில்லை.

“கம்ப்யூட்டர் பாஸ் எங்க?” என்றார்.

கம்ப்யூட்டர் வந்த பிறகு அப்படி ஓர் உத்தரவு. ஓரத்தில் துளை போட்ட காகிதத்தில் அச்சான பாஸ் இல்லாமல் எந்த வண்டியும் வெளியே போகக் கூடாது. நான் கையால் எழுதித் தருகிறேன் என்றேன்.

“கையால எழுதுனா நானே எழுதிக்குவேன்லா, தம்பி. ஓட்டை போட்ட தாளு வேணும்.”

லாரி நிறையப் பட்டுச்சேலைகள், பவுடர் பூசிய பிள்ளைகள், கட்டுக் கட்டாக மெழுகுவத்திகள். நடுவில் என் மனைவி. அவளுக்குப் பக்கத்தில் என் மாமியார். கல்யாணமான முதல் வருஷம். கூட்டத்தில் யாரும் என்னைத் திட்டவில்லை. மாமியார் தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

ஆபீசைத் திறந்து கம்ப்யூட்டரை உயிர்ப்பித்தேன். ‘வாகனப் பாஸ், பயணிகள்’ என்ற பிரிவுக்குப் போனதும் அது பெரிய கிராணியின் ரகசியச் சொல்லைக் கேட்டது. அதற்குள் பாதி லாரி இறங்கி வந்து ஜன்னலில் தொங்கியது.

“மூணு தடவைதான் தாங்கும். தப்பாப் போட்டா பூட்டிக்கும்” என்று எச்சரித்தேன்.

“அவரு சம்சாரம் பேரு போடுங்க” என்றார் ஒரு அக்கா.

“அந்தம்மா பேர அவரு வீட்டுலயே சொல்ல மாட்டாரு, பயம். மெஷின்ல எழுதுவாரா?” என்றார் லாரி டிரைவர். “பக்திமான்லா அவரு. ஏதாச்சும் புனிதராத்தான் இருக்கும்.”

“அந்தோணியார் போடுங்க தம்பி. காணாமப் போனதெல்லாம் கண்டுபிடிச்சுக் குடுக்குறவரு” என்றார் அக்கா.

போட்டேன். பீப் என்றது. சூசையப்பரைப் போட்டேன். பீப். மூன்றாவதற்கு ஜன்னலில் விவாதமே நடந்தது. திருவிழா நாயகியை விட்டுவிட்டு வேறு யாரைப் போடுவது என்று அக்கா அடித்துச் சொல்ல, அன்னம்மாளைப் போட்டேன். நீளமாக ஒரு பீப். பயணிகள் பிரிவு பூட்டப்பட்டது என்று திரையில் வந்தது.

“மூணு பேரையும் கோவிச்சுக்க வெச்சிட்டீங்களே கிராணி” என்றார் டிரைவர்.

வெளியே லாரியில் இருந்த யாரோ ஹார்ன் அடித்தார்கள். இனியும் தாமதித்தால் பவனி எங்களை விட்டுவிட்டுப் புறப்பட்டுவிடும். வேறு வழி தெரியாமல், பயிற்சியில் யாரும் சொல்லித்தராத ஒன்றைச் செய்தேன். திரையில் இருந்த எல்லாவற்றையும் நிதானமாக வாசித்தேன். வாசிப்புப் பழக்கம் எனக்கு உதவிய ஒரே தடவை அதுதான்.

கடைசி வரியில் ‘வேலைக்கு ஆள் அனுப்புதல், வெளி இடம்’ என்று இருந்தது. அமுக்கினேன். ரகசியச் சொல் கேட்கவில்லை! தொழிலாளி சாமி கும்பிடப் போனால்தான் மேலிடத்துச் சம்மதம் வேண்டும். வேலைக்குப் போனால் உலகத்தில் எந்த இயந்திரமும் குறுக்கே நிற்காது. எங்கே என்றது. புக்கிட் மெர்தாஜாம் என்றேன். என்ன வேலை என்றது. பால் வெட்டு, உரம் போடுதல், புல் வெட்டு என மூன்றே வேலைகள்தாம் அதற்குத் தெரியும். கோயில் வளாகத்தில் ரப்பர் மரம் இல்லை என்பதால் புல் வெட்டைத் தேர்ந்தெடுத்தேன். நிச்சயமாகவா என்றது. வாழ்க்கையில் நான் அவ்வளவு நிச்சயமாக இருந்ததே இல்லை.

அச்சு இயந்திரம் கீச்சிட்டுக்கொண்டே தாளைத் துப்பியது. ஓட்டைகளோடு.

ஜாகா அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். லாரியை நிமிர்ந்து பார்த்தார்.

“பட்டுச்சேல கட்டிக்கிட்டு எல்லாரும் புல்லு வெட்டப் போறீங்களா?”

“ஆமாண்ணே, அங்க நெறைய மொளைச்சிருச்சாம்” என்றார் அக்கா.

“கத்தி?”

அக்கா ஒரு மெழுகுவத்திக் கட்டைத் தூக்கிக் காட்டினார். ஜாகாவுக்கு வாய் கோணியது. சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு கேட்டைத் திறந்தார். லாரியில் எழுந்த கூச்சலில் பால் கொட்டாயிலிருந்த நாய்கள் எல்லாம் குரைத்தன.

டிரைவர் அன்று ஓட்டிய வேகத்துக்கும் ஒரு பாஸ் வாங்கியிருக்க வேண்டும். இருட்டத் தொடங்கும் நேரத்தில் போய் இறங்கினோம். சுரூபம் அப்போதுதான் கோயில் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. முன்தண்டில் தோள்கொடுத்திருந்த பெரிய கிராணி எங்களைப் பார்த்துத் தடுமாறியதில் சுரூபமே லேசாக அசைந்தது.

“பாஸ்வேர்டு என்கிட்ட இருக்கு, நீ எப்படிப்பா வந்த?” என்று தோளை எடுக்காமலே கேட்டார்.

“நீங்க நடங்க சார், பின்னால எல்லாரும் நிக்கிறாங்க” என்றேன். அவரை நான் நடக்கச் சொன்னதும் அவர் நடந்ததும் அந்த ஒருமுறைதான்.

கல்யாண நாளிலிருந்து என் மாமியார் எனக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் மகளிடம்தான் சொல்வார். அன்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். கட்டைப் பிரித்து, முதல் மெழுகுவத்தியை எடுத்து, தானே பற்றவைத்து என் கையில் கொடுத்தார்.

“மாப்ள, நீங்க முன்னால போங்க” என்றார்.

போனேன். மெழுகு ஒழுகி விரலைச் சுட்டது. கையை மாற்றிக்கொள்ளவில்லை.