பெட்டி வைத்த மேடையும் முன்வரிசை இரண்டு பேரும்

2009 ஐப்பசியில் ஒரு மாலை, சிரிப்பதற்கென்றே கிழக்கு லண்டன் பிளேஸ்டோவிலிருந்து நகரத்துக்குப் போனேன். கூப்பிட்டவன் புருனோ. லண்டனுக்கு வரமுன் பாரிசில் நான் கோப்பை கழுவிய உணவகத்தில் அவன் பரிமாறுகிறவன். பிறந்தநாள் கொண்டாட வந்த கிழவரிடம் "கேக் போதுமா, மலர்வளையமும் வேணுமா" என்று கேட்டதில் வேலை போனது. அதையே நிலவறை மேடைகளில் சொல்லிப் பேர் எடுத்தான். வானொலியிலும் இடம் கிடைத்தது. சாவைத் தவிர வேறு பகிடி தெரியாததால் அதுவும் போனது.

லண்டனில் உள்ள பிரெஞ்சுக்காரருக்காக இங்கே ஒரு நிகழ்ச்சி. சனம் சிரித்தால் வாராவாரம் மேடை தருவதாக மண்டபக்காரி சொல்லியிருந்தாள். இல்லாவிட்டால் அவன் திரும்பவும் தட்டுத் தூக்கவேண்டியதுதான். "அண்ணை, முன்வரிசையில இருந்து சிரியுங்கோ" என்றான். 'அண்ணை' மட்டும் தமிழ், மிச்சம் பிரெஞ்சு.

எனக்கு எழுத்து வாசிக்க வராது (இதையும் நான் சொல்ல மருமகள்தான் தட்டுகிறாள்). வரைபடத்தில் பச்சைக் கோடு போட்ட ரயில் என்று தெரிந்தால் போதும். எம்பேங்க்மென்டில் இறங்கிப் பத்து நிமிட நடை. முதியோர் பாஸுக்கு ரயில் இலவசம், நுழைவு எட்டு பவுண். பப் ஒன்றின் மேல்மாடி, படி செங்குத்து. பாரிஸ் சமையலறைக் கூட்டாளி செல்வமும் கூட வந்தான்.

மேடையில் ஒரு சவப்பெட்டி.

"போன மாதம் அப்பா செத்தவர். எரிக்கத்தானே போறம், பெட்டியை ஏன் வீணாக்குவான் எண்டு கொண்டு வந்திட்டன்" என்றான் புருனோ.

அந்த மனிசனை எனக்குத் தெரியும். ஞாயிறுகளில் சாப்பிட வந்தால் சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, என் சவர்க்காரக் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத்தான் போவார்.

"பகிடியோ, உண்மையோ அண்ணை?" என்றான் செல்வம்.

"செத்தது உண்மை. அவன்ர கண்ணைப் பார்."

செல்வம் தொப்பியைக் கழற்றினான். நான் கையைக் கட்டிக்கொண்டேன். நாங்கள் இருந்த இருப்பைப் பார்த்துப் பின்னாலிருந்த சனமும் சிரிப்பை விழுங்கியது. மண்டபக்காரி கதவடியில் நகம் கடித்தாள். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, செத்தவீட்டு முறைப்படி இருவரும் பேசாமல் எழும்பினோம்.

"அண்ணை, எங்க போறியள்? பிடிக்கேல்லையோ?" புருனோ மேடை விளிம்புக்கு வந்தான்.

"எங்கட ஆக்கள் செத்தவீட்டில போயிட்டு வாறன் எண்டு சொல்லுறதில்லை. பேசாமப் போகவேணும்" என்றேன், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில்.

புருனோ பெட்டியைத் தட்டினான்.

"அப்பா, கேட்டியளோ? நீங்களும் சொல்லாமத்தான் போனனீங்கள். நீங்கள் தமிழர் எண்டதை என்னட்டை மறைச்சிட்டியளே."

மண்டபம் வெடித்தது. செல்வம் தொப்பியால் முகத்தை மூடிக் குலுங்கினான். புருனோவும் சிரித்தான், அப்படியே கண்ணைத் துடைத்தான். துக்கவீட்டில் சிரித்தது எனக்கு அதுதான் முதல்முறை. பிழையாகப் படவில்லை.

இப்போது வியாழன்தோறும் ஏழு மணிக்கு அவனுடைய நிகழ்ச்சி. முழங்கால் நோ உள்ளவர்கள் படிக்குக் கைத்தடி கொண்டுபோங்கள். முகத்தில் சிரிப்பு லேசில் வராதவர்கள் பின்வரிசையில் இருங்கள். முடிவில் அவன் நன்றி வணக்கம் சொல்வான் என்று காத்திருக்கவேண்டாம். பெட்டியை ஒருதரம் தட்டிவிட்டு இறங்கிப் போவான். நீங்களும் பேசாமல் எழும்பிப் போங்கள்.