விபூதித் தட்டுக்குப் பின்னால் இருந்த தூக்க மாத்திரை

மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கை நனைக்காமல் எழுந்து போய்விட்டார்கள் என்று பாப்பாத்தி எங்கள் கிளினிக்குக்கு வந்து அழுதாள். அதற்கும் வைத்தியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று டாக்டருக்கு முதலில் விளங்கவில்லை.

கொல்லிமலையில் அந்தக் கிளினிக்கில் நான் ஆயா. அஞ்சாவதோடு படிப்பு நின்றது. கூட்டுவது, டோக்கன் கொடுப்பது என் வேலை. பேச எனக்குக் கூச்சம். அதனாலேயே எல்லாரும் என்னை வைத்துக்கொண்டே எல்லாம் பேசுவார்கள். இப்போது இந்த வேலைக்கு வருகிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். இது இரண்டாயிரமாம் வருஷத்துக்குப் பிறகு நடந்தது.

பாப்பாத்தி எங்கள் மலையிலேயே வளப்பூர் நாட்டுக்காரி. மிளகும் மரவள்ளியும் வைத்திருந்தாள். புருஷன் இறந்துபோனதிலிருந்து தூக்கமில்லை. டாக்டர் கொடுத்தது மனநோய்க்கென்று வந்த மாத்திரை. "கொஞ்சமாக் குடுத்தா நல்லாத் தூக்கம் வரும், எல்லாரும் குடுக்கறதுதான்" என்று கம்பவுண்டரிடம் சொன்னார். பாப்பாத்தியிடம் "தூக்க மாத்திரை" என்பதோடு நிறுத்திக்கொண்டார். மற்றதைச் சொன்னால் பயந்துகொள்வாளாம்.

அவளும் தூங்கினாள். விடிந்த பிறகும் தலை கிறுகிறுக்கிறது, மிளகு பறிக்க ஏணி ஏற முடியவில்லை என்றாள். "பழகிடும்மா" என்றார் டாக்டர். அது பழகும்வரை மகள் செல்வி ஏணி ஏறினாள்.

சாமி கும்பிட்டுவிட்டு விழுங்கலாம் என்று பாப்பாத்தி மாத்திரை அட்டையை விபூதித் தட்டுக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா விபூதி எடுக்கப் போய் அட்டையைப் பார்த்துவிட்டார்.

"'இது மண்டைக் கோளாறு மாத்திரையாச்சே'ன்னுட்டாங்க. எலை போட்டுச் சோறு வெச்சிருந்தனுங்க. ஒருத்தரும் தொடலீங்க. ஏனுங்க டாக்டரு, நான் பைத்தியமுங்களா?"

பெண் வீட்டில் சாப்பிட்டால் சம்மதம். சாப்பிடாமல் போனால் பேச்சு முறிந்தது என்று அர்த்தம்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதெல்லாம் இல்லம்மா. உனக்குப் பைத்தியம் இல்லைன்னு சர்டிபிகேட் எழுதித் தரேன்."

"பைத்தியமில்லைன்னு சர்டிபிகேட் வெச்சிருக்கறவ ஊட்ல ஆருங்க பொண்ணெடுப்பாங்க?"

டாக்டர் பேனாவை மூடிவிட்டார்.

கூட வந்திருந்த செல்விதான் கேட்டாள்: "அழுவாதம்மா. அந்தம்மாவுக்கு எழுத்துத் தெரியாதுன்னு தரகரு சொன்னாரு. அப்பறம் அட்டையப் பாத்ததும் எப்படிக் கண்டுபிடிச்சாங்க? தினமும் திங்கற உனக்கே தெரியல."

இதையே தரகர் மூலம் அந்த அம்மாவிடமும் கேட்டனுப்பினாள்.

அந்த வாரமே மாப்பிள்ளையின் அம்மா அடிவாரத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். பாப்பாத்தியையும் கூட்டிக்கொண்டு கிளினிக் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

"நாந்தானுங்க சாப்பிடறேன். தூக்கத்துக்குன்னுதான் கீழ டாக்டரு குடுத்தாரு. மருந்துக் கடைக்காரன்தான் மண்டைக் கோளாறு மாத்திரைன்னான். அன்னையிலிருந்து அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வெச்சுத் திங்கறேன்."

"அப்ப என்னையப் பாத்து எதுக்குங்க எந்திரிச்சுப் போனீங்க?"

"ஒரு கலியாணத்துக்கு ரெண்டு சம்பந்தியும் பைத்தியம்னா ஊரு சிரிக்காதுங்களா?"

பாப்பாத்திக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

டாக்டர் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். அது என்ன மாத்திரை, தூக்கத்துக்கு ஏன் கொடுக்கிறார்கள், கிறுகிறுப்பு எதனால் என்று முதல்முறையாக முழுசாகச் சொன்னார். தூங்க வேறு வழி பார்க்கலாம், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்றார்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க?" என்றாள் பாப்பாத்தி.

"நீ பயந்துக்குவியேன்னு நெனச்சேன்."

"இப்ப மட்டும் தைரியமாவாங்க இருந்தோம்?"

மாப்பிள்ளை வீட்டார் மறுபடி பெண் பார்க்க வந்தபோது முதலில் இலையில் கை வைத்தது மாப்பிள்ளையின் அம்மாதானாம். கல்யாணத்துக்கு நானும் போய் வந்தேன்.

பெண்களே, மாத்திரையைக் கொடுக்கும்போது அது எதற்கானது என்பதையும் டாக்டரைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்லாவிட்டால் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். அவர்கள் வைத்தியம் பார்க்க வந்தவர்களாக இருக்க மாட்டார்கள்.