முந்தின நாளே புறப்பட்ட சக்கரங்கள்

அந்தக் காலத்தில் என்னிடம் ஒரு மீசை, ஒரு சைக்கிள், ஒரு சாக்குப்போக்கு ஆகிய மூன்றும் இருந்தன. மூன்றையும் தினமும் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தேன்.

சாக்குப்போக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பினாங்குத் தீவின் மறுபக்கத்தில், பாலிக் புலாவில், வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள் பந்தயம் நடக்கும். பாசார் என்கிற சந்தைக்கு முன்னாலிருந்து கிளம்பி, கடலோரத்தில் மீனவர் கம்பம் என்கிற குப்பம் வரை போய்த் திரும்பி வர வேண்டும். டவுன்காரர்களான நாங்கள் இருட்டோடு கிளம்பி, ஜெலுத்தோங் வழியாகத் தெற்கே போய், குறுக்கே கிடக்கும் மலையைச் சைக்கிளிலேயே ஏறி இறங்கினால்தான் பந்தயத்துக்கே போய்ச் சேர முடியும். சேரும்போது நாக்கு வெளியே தொங்கும். இந்த லட்சணத்தில் மூன்று வருஷம் நான் இரண்டாவதாக வந்தேன். மூன்று வருஷமும் முதலாவதாக வந்தவர் பாலிக் புலாவிலேயே இருக்கும் ஒரு ரொட்டிக்காரர். நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். சைக்கிளின் பின்னால் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு வீடாக ரொட்டி விற்பவர்.

"அவர் வீட்டு வாசலில் பந்தயம் நடக்கிறது. நான் மலையைத் தாண்டிப் போகிறேன். மலை மட்டும் இல்லாவிட்டால் அவர் என் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டேதான் வர வேண்டும்." இதை ஆபீசில் கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது நான் கவர்ன்மெண்டில் கிராணி உத்தியோகம் பார்த்தேன். ஊரில் குமாஸ்தா என்று சொல்லும் அதே வேலைதான். பெயரை மாற்றினால் கௌரவம் கொஞ்சம் கூடுகிறது.

ஒருநாள் பெரிய கிராணி கோப்பிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டார். "மலை மலைங்கிறியே தம்பி, அந்த மலைய எடுத்துட்டா ஜெயிச்சிருவியா?"

"மலை இல்லாம தோத்தா இந்த மீசைய எடுத்துர்றேன் சார்."

ஆபீசில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். எங்கள் ஜனங்களில் தகப்பன் தவறினால்தான் மீசையை எடுப்பார்கள். அப்பா ஊரில் கல்லுமாதிரி இருந்தார். வாய் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் அப்படிப்பட்டதல்ல.

மலையை எடுத்துத்தர ஆள் கிடைத்தார். பினாங்கு ஸ்ட்ரீட்டில், செட்டியார்கள் வட்டிக்கடை நடத்தும் கிட்டங்கி ஒன்றில், பெரியவர்களோடு தங்கித் தொழில் பழக வந்திருந்த இளம் செட்டியார் அவர். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையிடமிருந்து இரண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். கிட்டங்கிப் பெரியவர்கள் அதைக் கார் என்று ஒப்புக்கொள்ளவே இல்லை. ரெண்டு பேர் சேர்ந்து போட்டுக்கொள்ளும் செருப்பு என்றார்கள். உட்கார்ந்தால் நடுரோடு முதுகெலும்பில் தெரியும். செட்டியார் வெள்ளை வேட்டியோடு, காற்றில் பறந்துவிடாமல் துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, அதை ஓட்டிப் போவதைப் பார்க்கவே கடற்கரை எஸ்பிளனேடில் நாலு பேர் நிற்பார்கள். மூன்று மாதத்துக்கு முன்புதான் சைக்கிள் பழகியிருந்தார். புதிதாகப் பழகியவர்களுக்கான சின்னப் பந்தயத்தில் பெயரைக் கொடுத்துவிட்டு, கொடுத்த நாளிலிருந்து பயந்துகொண்டிருந்தார்.

ஆக ஆள் இரண்டு, சைக்கிள் இரண்டு, செருப்பு ஒன்று.

சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் விட்டதும் கிட்டங்கி வாசலில் ஒத்திகை பார்த்தோம். சைக்கிள்களைப் பின்னால் நிமிர்த்திக் கட்டினால் ஹேண்டில்பார் பிடரியில் குத்தியது. பக்கத்துக்கு ஒன்றாகக் கட்டிப் பார்த்தோம். எல்லாம் சரியாக வந்தது, ஆனால் கதவைத் திறக்க வழியில்லாமல் இருவரும் உள்ளேயே மாட்டிக்கொண்டோம். கிட்டங்கிச் சமையல்காரர் வந்து கயிற்றை அறுத்துவிட்டார். கடைசியில், இரண்டு முன்சக்கரங்களையும் கழற்றிவிட்டு, மிச்சத்தை மடித்த கூரையின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கப்போட்டுக் கட்டினோம். கழற்றிய சக்கரங்கள் என் மடிக்கு வந்தன. முகத்துக்கு முன்னால் ஒரே கம்பிகளாகத் தெரிந்தன. ஜெயில் கைதியைப் போல உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் செட்டியாருக்கு நினைவு வந்தது. "கிராணியாரே, நாளைக்கு ஞாயித்துக்கெழமைல்ல? மேக்கே சூலம். பாலிக் புலாவ் நமக்கு மேக்கேயில்ல இருக்கு."

"செட்டியாரே, இது சைக்கிள் பந்தயம். கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போகல."

"பொண்ணு பாக்கப் போனாக்கூட திரும்பி வந்துரலாம். மலைப் பாதை, கைப்பிடிச் சுவரு கிடையாது. நான்தான் ஓட்டுறேன். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தேன். அவர் ஓட்டும் லட்சணத்தை நினைத்ததும் எனக்கும் சூலத்தில் நம்பிக்கை வந்தது. இதற்குப் பரிகாரம் உண்டு. பரஸ்தானம் என்பார்கள். போக வேண்டிய நாள் சரியில்லை என்றால், முந்தின நல்ல நாளில் நல்ல நேரம் பார்த்து, நம் பொருள் ஒன்றை நாம் போகும் திசையில் இருக்கிற வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அத்தோடு நம் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் பொருளை எடுத்துக்கொண்டு மேலே போகலாம். சூலம் ஏமாந்துவிடும். கடவுளர்களை இவ்வளவு சுலபமாக ஏய்க்க முடியும் என்று கண்டுபிடித்தவர் நிச்சயம் நம் ஆபீஸ்களில் ஏதோ ஒன்றில் வேலை பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

வழக்கமாகத் துண்டோ குடையோ வைப்பார்கள். செட்டியார் சம்மதிக்கவில்லை. பயணத்துக்கு முக்கியமான பொருளாக இருக்க வேண்டும், ஆளுக்கொன்றாக இருக்க வேண்டும் என்றார். என் மடியைப் பார்த்தார். மேற்கே டத்தோ கிராமாட் சாலையில் கிட்டங்கிக்குப் பால் ஊற்றும் பால்காரர் வீடு இருந்தது. நல்ல நேரம் முடிவதற்குள் போய், அவருடைய மாட்டுத் தொழுவத்தில் இரண்டு முன்சக்கரங்களையும் ஆணியில் மாட்டிவிட்டு வந்தோம். காலையில் அந்த வழியாகச் சுற்றிப் போய் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

காலையில் கார் கிளம்பவில்லை. முன்னால் கம்பியை விட்டுச் சுற்றிச் சுற்றி எனக்குத் தோள்பட்டை கழன்றது. பந்தயத்துக்கு வைத்திருந்த தெம்பில் கால்வாசி அங்கேயே போய்விட்டது. பிறகு சமையல்காரரும், கிட்டங்கியில் எடுபிடி வேலை பார்க்கும் இரண்டு பெட்டியடிப் பையன்களும் கடற்கரைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். திடீரென்று கார் இருமியது, பிடித்துக்கொண்டது, பாய்ந்தது. "நிறுத்தினா மறுபடி கெளம்பாது, ஏறுங்க" என்று செட்டியார் கத்தினார். ஓடிப்போய் விழுந்து ஏறினேன். கார் மூக்கு எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமே போனோம். அது ஜெலுத்தோங் பக்கம்.

அந்தப் பயணத்தைப்போல ஒரு சுகம் நான் கண்டதில்லை. ஒவ்வொரு வருஷமும் நான் மூச்சுவாங்கி ஏறிய மேட்டில், கடைசி நேரத்தில் ஏறும்போது பின்னால் போட்ட புளியோதரைப் பொட்டலத்தை மடியில் பிரித்துவைத்துச் சாப்பிட்டுக்கொண்டே போனேன். சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்த டவுன்காரர்கள் இரண்டு பேரைப் பார்த்துக் கையைக்கூட ஆட்டினேன். நேற்று அவ்வளவு நெருக்கிய கார் இன்று இத்தனை விசாலமாக இருக்கிறதே என்று வியந்தேன்.

"கயிறு கட்டுன விதம் அப்பிடி" என்றார் செட்டியார்.

ஒப்புக்கொண்டேன். நானும்தானே கட்டினேன்.

பாலிக் புலாவ் பாசாருக்கு எதிரே காரை நிறுத்தினோம். பந்தயத்துக்கு அரை மணி நேரம் இருந்தது. கூட்டம் சிவப்புக் காரைச் சுற்றிக்கொண்டது. நான் மீசையை நீவிவிட்டுக்கொண்டு, எல்லோரும் பார்க்க, கயிற்றை அவிழ்த்து என் சைக்கிளை இறக்கித் தரையில் வைத்தேன். அது முன்னால் குனிந்து மண்ணைத் தொட்டது.

செட்டியார் என்னைப் பார்த்தார். நான் என் மடி இருந்த இடத்தைப் பார்த்தேன். இருவருக்கும் தொழுவத்து ஆணி ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது. சாஸ்திரப்படி எங்கள் சக்கரங்கள் முந்தின நாளே புறப்பட்டுவிட்டன. இன்னும் வந்துசேரவில்லை, அவ்வளவுதான்.

மலையை ஏறி இறங்கி டவுனுக்குப் போய்வர இரண்டு மணி நேரமாவது ஆகும், அதுவும் கார் மனம்வைத்தால். நான் அந்த மொட்டைச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரொட்டிக்காரர் வந்தார்.

"என்னண்ணே இது, சைக்கிளா, கலப்பையா?"

நடந்ததைச் சொன்னேன். சிரித்துவிடுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ரொட்டிப் பெட்டி கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, தலைகீழாகக் கவிழ்த்து, முன்சக்கரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பந்தயத்துக்கு அவரிடம் வேறு சைக்கிள் இருந்தது.

"மாட்டிக்கிட்டு வாங்க. நேரமாச்சுலா."

சக்கரம் என் சைக்கிளில் கச்சிதமாகப் பொருந்தியது. காற்றை அழுத்திப் பார்த்தேன், சுற்றிவிட்டுப் பார்த்தேன். ஒரு குறை அகப்படுமா என்று தேடினேன் என்பதை இப்போது ஒளிக்காமல் சொல்கிறேன். குறை எதுவும் அகப்படவில்லை. செட்டியாருக்கு மாற்றுச் சக்கரம் கிடைக்கவில்லை. சூலம் தன் உயிரைக் காப்பாற்றிவிட்டது என்று அவர் ஆனந்தமாக இளநீர் குடிக்கப் போய்விட்டார்.

பந்தயத்தை விவரிக்க அதிகம் இல்லை. முந்தின மூன்று வருஷமும் ரொட்டிக்காரர் முதுகின் வேர்வைக் கறையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இந்த வருஷம் மீனவர் கம்பத்தில் திரும்பும்போது அவர் முதுகே தெரியவில்லை. கால் தெம்பாக இருந்தது, மூச்சு ஒழுங்காக இருந்தது, அவரைத்தான் காணவில்லை. என்னை இன்னும் மூன்று பேர் முந்தினார்கள். அவர்களில் இரண்டு பேர் நான் காரிலிருந்து கையாட்டிய டவுன்காரர்கள்.

பந்தயம் முடிந்து சக்கரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் பாசார் சுவரில் சாய்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். நான் ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, "பழக்கமில்லாத சக்கரம், கொஞ்சம் கனம்" என்றேன்.

"கனந்தாண்ணே. காலையில அதுலதான் மலைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் ரொட்டி போட்டுட்டு வந்தேன்."

எனக்குப் புரியவில்லை. "இன்னிக்கா?"

"தினமும்தான். தோட்டத்துல வேலை செய்றவங்க லயத்து வீடுங்கள்ல ரொட்டிக்குக் காத்துக்கிட்டு இருப்பாங்கல்ல. பந்தயம்னு சொன்னா பிள்ளைங்க பசி கேக்குமா? விடியிறதுக்குள்ள மலையேறி அங்கிட்டு எறங்கி, மறுபடி ஏறி வந்துதான் இங்க நிப்பேன். எல்லா வருசமும் அப்பிடித்தான்."

பெருமையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். கோப்பியில் மிச்சமிருந்ததை எனக்கு நீட்டினார்.

மூன்று வருஷமாக நான் மலையை ஒரு தடவை ஏறி இறங்கிவிட்டு ஊரெல்லாம் புலம்பியிருக்கிறேன். அந்த மனிதர் ரொட்டிப் பெட்டியோடு இரண்டு தடவை ஏறி இறங்கிவிட்டு என்னைத் தோற்கடித்திருக்கிறார்.

திரும்பும் வழியில் டத்தோ கிராமாட்டில் நிறுத்தினோம். சக்கரங்கள் ஆணியிலேயே இருந்தன. சாமி விஷயமாக இருக்கும் என்று பால்காரர் இரண்டுக்கும் பூ வைத்திருந்தார்.

திங்கட்கிழமை ஆபீசுக்கு மீசையோடுதான் போனேன். முன்சக்கரத்தை மறந்துவிட்டதையும், யாரோ இரவல் கொடுத்த கனமான சக்கரத்தில் ஓட்டியதையும் சொன்னேன். ரொட்டிக்காரர் சொன்னதைச் சொல்லவில்லை. பெரிய கிராணியே, "சக்கரம் இல்லாதவன்கிட்ட மீசையக் கேக்குறது நியாயமில்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். எல்லோரும் என்மேல் பரிதாபப்பட்டார்கள். பழைய சாக்குப்போக்கு போய் அதைவிட உசத்தியான புதிய ஒன்று கிடைத்தது. வருஷம் முழுவதும் அந்த மீசையைக் கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்மேலேயே எரிச்சலாக வந்தது.

அடுத்த வருஷம் காரைத் தேடவில்லை. இரண்டு சக்கரமும் உள்ள சைக்கிளில், சூலம் பார்க்காமல், வழக்கத்தைவிட முன்னாலேயே கிளம்பி மலையேறிப் போனேன். உச்சியில் எதிரே தகரப் பெட்டியோடு ஒரு சைக்கிள் வந்தது. அவர் மணியடித்தார், நானும் அடித்தேன். பந்தயத்தில் அரைச் சக்கர தூரத்தில் தோற்றேன். அதுவரை ஓட்டியதில் அதுதான் என் நல்ல ஓட்டம்.

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் நாவிதரிடம் உட்கார்ந்து மீசையை எடுத்தேன். ஆபீசில் நுழைந்ததும் பெரிய கிராணி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஊர்லேர்ந்து தந்தி வந்துச்சா தம்பி? அப்பாவா?"

"அப்பா நல்லாருக்காரு சார்" என்றேன். "இது போன வருசம் எடுத்திருக்க வேண்டிய மீசை."