மாலேவுக்கு ஒரு துணைக்கால்

மாரண்டஹள்ளியில் யார் வெளிநாடு கிளம்பினாலும், பெட்டியை மூடுவதற்கு முன்னால் கலைமதியிடம் ஒரு தடவை காட்டிவிடுவார்கள். கலைமதி என் அண்ணி. என் அண்ணன் நஞ்சப்பன் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் உரக்கடை வைத்திருக்கிறான். பேர்தான் அண்ணன் கடை. பாதி நாள் கல்லாவில் உட்காருவது அண்ணி. யூரியா மூட்டை நிறுக்கும் தராசிலேயே பெட்டியையும் ஏற்றிப் பார்ப்பாள்.

"ரெண்டு கிலோ கூடுதுங்க. அந்த ஊறுகா பாட்டில எடுத்துருங்க."

"அது ஆத்தா பாசமா குடுத்ததுங்க்கா."

"பாசம் ஏர்போர்ட்டுல எடை போடும்போது தெரியும்."

துபாய்க்குப் போகிறவர் என்றால் கறி மசாலாவை முகர்ந்தே பார்ப்பாள். கசகசா போட்டு அரைத்திருந்தால் அது இங்கேயே நின்றுவிடும். அந்த ஊரில் கசகசாவுக்கு ஜெயில். பவர் பேங்கு பெட்டியில் கூடாது, கைப்பையில். மாத்திரைக்கு டாக்டர் சீட்டு வேண்டும். பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டாலும் மானம் போகாமலிருக்க ஒரு செட் துணி கையோடு. கடைசியாக வெங்காய மூட்டையின் சிவப்பு வலையில் ஒரு துண்டு வெட்டிக் கைப்பிடியில் முடிந்துவிடுவாள். "அங்க எல்லாம் கறுப்புப் பெட்டியாத்தான் சுத்தி வரும். இது ஒண்ணுதான் நம்மூட்டுதுன்னு தூரத்துலயே தெரியும்."

இத்தனை சொல்கிறவள் எந்த நாட்டைப் பார்த்திருக்கிறாள் என்று கேட்டுவிடாதீர்கள். பெங்களூரைத் தாண்டியதில்லை. கடலைக்கூடப் பார்த்ததில்லை.

எல்லாம் அண்ணனுக்குப் பெட்டி கட்டிக் கட்டி வந்த படிப்பு. உரக் கம்பெனிக்காரர்கள், சொன்ன அளவுக்குச் சரக்கு விற்றுக் கொடுத்தால் கடைக்காரரை வெளிநாட்டுக்குச் சுற்றுலா கூட்டிப் போவார்கள். அண்ணன் பாங்காக் போனான், கொழும்பு போனான், துபாய் போனான். பாங்காக்கில் பூண்டு ஊறுகாய் பாட்டில் உடைந்து, போன நாள் முதல் வந்த நாள் வரை பூண்டு வாசத்தோடே திரிந்தான். வந்ததும் அண்ணி ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்வாள். எது உடைந்தது, எதைப் பிடுங்கினார்கள், எது பத்தவில்லை. கேட்டுவிட்டுக் கடைசியில், "கடலு எப்படிங்க இருந்திச்சு?" என்பாள். அண்ணன், "தண்ணிதான்" என்பான்.

என் கூடப் பிறந்தவன் என்பதற்காகச் சொல்லாமல் இருக்க முடியுமா? விற்றது அவள், பறந்தது இவன். "அடுத்த தடவை உன்னையும் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி அவளுக்கு ஒரு பாஸ்போர்ட்டும் எடுத்துக் கொடுத்தான். அது ஒரு முத்திரையும் படாமல் பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் கிடந்தது.

இந்த வருஷம் கம்பெனி மாலத்தீவு என்றது. தலைநகரம் மாலே. கணவன் மனைவி ஜோடியாக வரலாம், இல்லையென்றால் துணைக்கு ஒருவரைக் கூட்டி வரலாம். இதில் முதல் பாதியை அண்ணன் விழுங்கிவிட்டான். துணைக்கு அவன் பிடித்தது மருந்துக்கடை ராஜப்பனை. பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு திரிகிற ஜோடி.

வீட்டில் என்ன சொல்வது? அங்கேதான் என் அண்ணனின் மூளையைப் பாருங்கள். எங்கள் வீட்டில் பாதிப் பேச்சு கன்னடம். மாதேஸ்வரன் மலைக்குப் போவதை "மலே"க்குப் போகிறோம் என்றுதான் சொல்வோம். அவன் மாலேயிலிருந்து ஒரு துணைக்காலைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான்.

"கலை, நானும் ராஜப்பனும் அமாவாசைக்கு மலேக்குப் போறோம். பென்னாகரம் வரைக்கும் பஸ்ஸு, அப்புறம் நடந்தே போறோம். காட்டு வழி, போனு கெடைக்காது. வர ஒரு வாரம் ஆவும்."

பிடுங்கியது துணைக்காலை மட்டுமா? துணையையும்தான்.

அண்ணி நம்பினாள். சாமி காரியம் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். காவி வேட்டி எடுத்து வைத்தாள்.

மறுநாள் கடை போன் அடித்தது. கம்பெனி ஆள் மாதேஷ்.

"அக்கா, அண்ணன் எடுக்க மாட்டேங்கறாரு. ராஜப்பன் சார் பாஸ்போர்ட்டு சரிப்படாதுங்க. தேதி முடிய இன்னும் ரெண்டு மாசந்தான் இருக்குது. ஆறு மாசமாச்சும் இருந்தாத்தான் எங்காளுங்க டிக்கெட் போடுவாங்க. வேற பேரு இன்னிக்கே சொல்லணும். ஏங்க்கா, மத்தவங்கல்லாம் ஜோடியா வர்றாங்க, நீங்க ஏன் மாலேக்கு வரலை? அண்ணன் உங்களுக்குக் கடலே ஆவாது, பாத்தாலே வாந்தி வரும்னு சொன்னாரு!"

நான் அப்போது கடையில்தான் இருந்தேன். அண்ணி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, "இப்ப சரியாப் போச்சுங்க தம்பி. பேரு கலைமதின்னு போட்டுக்குங்க. அவருகிட்ட நானே சொல்லிக்கறேன்" என்றாள். வீட்டுக்குப் போய்ப் பீரோவைத் திறந்து, பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தாள். அதற்கப்புறம்தான் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"கடலு எனக்கு ஆவாதாம் நிர்மலா. பாக்காமயே வாந்தி வருமாம்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. போய் அவன் சட்டையைப் பிடிக்கிறேன் என்று எழுந்தேன். அண்ணி என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "சும்மா இரு. சாமி பேரைச் சொல்லியிருக்காரு. சாமி காரியம் முழுசா நடக்கட்டும்" என்றாள். அவள் கண்ணில் அப்போதே ஒரு விஷமம் வந்துவிட்டது.

முதலில் ராஜப்பன் கடைக்குப் போனாள். கூடவே நானும்.

"அண்ணா, மலேக்குப் போறதா சசிகலாகிட்ட சொல்லியிருக்கீங்களா?"

சசிகலா அவர் மனைவி. அவ்வளவுதான், மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டியது. கேட்காமலேயே கவுண்டருக்கு அடியிலிருந்து அண்ணனின் ரகசியப் பெட்டியை இழுத்து வெளியே வைத்தார். ஏர்போர்ட்டுக்கு அவர் கொண்டு வருவதாக ஏற்பாடாம். தன் பாஸ்போர்ட் உதவாது என்பதை அண்ணனிடம் மூச்சுவிடக் கூடாது என்றதற்கும் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து திறந்தோம். அடடா, என்ன கண்காட்சி! பூப்போட்ட சட்டைகள், முட்டி தெரிகிற டவுசர், நீச்சல் கண்ணாடி. பவர் பேங்கு அடியில். மூடி சரியாக மூடாத ஷாம்பு. துண்டுக்குள் சுற்றி ஒரு பிராந்தி பாட்டில்.

"அடப்பாவி மனுசா! மாலேக்கு இதக் கொண்டு போகவே கூடாதே. பெட்டிய ஸ்கேன்ல பாத்துருவாங்களே" என்று பாட்டிலை எடுத்துப் பரண்மேல் போட்டாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஏமாற்றப்பட்டவள் உட்கார்ந்து, ஏமாற்றியவன் டவுசரை மடித்துச் சுருட்டிக்கொண்டிருக்கிறாள். "அப்படியே வுட்டுட வேண்டியதுதானே அண்ணி?" என்றேன். "கோவம் வேற, பெட்டி வேற" என்றாள்.

அவன் துணியெல்லாம் ஒரு பாதியில் ஒழுங்காக அடங்கியது. மறு பாதி அவளுக்கு. அங்கேதான் அவளுக்குக் கை ஓடவில்லை. ஊரெல்லாம் அவளிடம் கேட்டுப் போகிறது. தனக்கென்று என்ன எடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு சேலையை வைத்தாள், எடுத்தாள். "கடலுக்கு எதக் கட்டிட்டுப் போவாங்க நிர்மலா?" என்று கேட்டாள். என் சுடிதார் இரண்டைக் கொண்டு வந்து நானே வைத்தேன். தராசில் ஏற்றினோம், எடை சரியாக இருந்தது. சிவப்பு வலையை முடிந்தாள். பெட்டியைப் பூட்டிச் சாவியை ஊக்கில் மாட்டித் தாலிக் கயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

அண்ணன் கிளம்புகிற அன்று தெருவே வேடிக்கை பார்த்தது. அண்ணி அவனை உட்கார வைத்துக் காவி வேட்டி கட்டச் சொன்னாள். நெற்றி நிறைய விபூதி பூசினாள். ஜமுக்காளம், டார்ச் லைட், கட்டுச் சோறு, குடுமித் தேங்காய் எல்லாம் ஒரு துணிப்பையில் திணித்துத் தோளில் மாட்டினாள். அவனும் சரி சரி என்றான். உடுப்புதான் ராஜப்பனோடு வருகிறதே! பாஸ்போர்ட்டை மட்டும் வேட்டி மடிப்பில் செருகியிருந்தான். அண்ணி பார்க்காதவளாக இருந்துகொண்டாள்.

"ஏங்க, வேண்டுதல் ஒண்ணு இருக்குது. மலேக்குப் போயிட்டு வந்தா உங்க முடியக் குடுக்கறேன்னு வேண்டியிருக்கேன்."

"குடுத்துட்டாப் போச்சு" என்று சொல்லிவிட்டு ஓசூர் பஸ் ஏறினான்.

"மலைக்குப் போறவரு பென்னாகரம் பஸ்ஸுலதானே ஏறணும்?" என்று யாரோ கேட்டார்கள். "அவருக்குன்னு தனி வழி" என்றாள் அண்ணி. அந்த பஸ் மறைந்ததும் என் வீட்டுக்காரர் நவநீதன் காரைக் கொண்டு வந்து நிறுத்தினார்.

பெங்களூர் ஏர்போர்ட் வாசலில் கண்ட காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மற்ற உரக்கடைக்காரர்கள் ஜீன்ஸும் கூலிங் கிளாஸுமாக மனைவிகளோடு நிற்கிறார்கள். நடுவில் என் அண்ணன், காவி வேட்டியும் பட்டையுமாக, பைக்கு வெளியே தேங்காய்க் குடுமி எட்டிப் பார்க்க, ராஜப்பனுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்க்கிறான். ராஜப்பன் எடுப்பாரா என்ன!

முதலில் அவன் கண்ணில் பட்டது சிவப்பு வலை. பிறகு பெட்டி. பிறகு அதைத் தள்ளிக்கொண்டு, என் சுடிதாரில் வருகிற கலைமதி.

"நீ... நீ எங்க இங்க?"

"மலேக்குத்தாங்க."

மாதேஷ் டிக்கெட்டுகளை நீட்டினான். நஞ்சப்பன், கலைமதி என்று சேர்ந்தே இருந்தது. அண்ணன் டிக்கெட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தன் வேட்டியைப் பார்த்தான். மற்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

"என் துணியெல்லாம்..." என்றான் மெதுவாக.

"எல்லாம் இந்தப் பெட்டியிலதான் இருக்குது. சாவி எங்கிட்ட. அங்க போயிட்டுத் தரேன். அது வரைக்கும் தேங்காய மட்டும் நிர்மலாகிட்ட குடுத்துட்டு, பின்னாடியே வாங்க."

போனான். நல்ல பிள்ளையாகப் போனான்.

இரண்டாம் நாள் எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு ஒன்று வந்தது. நெடுநேரம் அலைச் சத்தம் மட்டும்தான். அதற்கப்புறம் அண்ணியின் குரல், அழுகையும் சிரிப்புமாக. "நிர்மலா, உங்கண்ணன் பொய் சொல்லியிருக்காரு. இது தண்ணி மட்டும் இல்லடி."

திரும்பி வந்த வாரமே அண்ணி அவனை நிஜ மலைக்குக் கூட்டிப் போனாள். சாமி பேரைச் சொன்ன பிறகு விட முடியுமா? இப்போது கல்லாவில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருக்கிறான். வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள்.

"எங்கீங்க போயிட்டு வந்தீங்க?"

"மலேக்கு."

"எந்த மலேங்க?"

அண்ணன் ஒரு தடவை தராசுப் பக்கம் திரும்பிப் பார்க்கிறான். அண்ணி யாருடைய பெட்டியிலோ சிவப்பு வலையை முடிந்துகொண்டிருக்கிறாள்.

"ரெண்டுக்கும்தான்" என்கிறான்.