உமாபதி ஒட்டிய தடை உத்தரவு

உமாபதி ஒருமுறை செருமினால் காஞ்சிபுரத்துத் தறிகள் அத்தனையும் நின்றுவிடும். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியாயிற்று. அவர் வீட்டுத் தறியே நிற்காது. ஆனால் தம்மைப் பற்றி அவர் வைத்திருந்த எண்ணத்துக்கு இது குறைவுதான்.

தகராறு வந்தால் இந்த மனிதரே மத்தியஸ்தர் என்று ஒப்பந்தத்தில் எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தாள் வடிவாம்பாள். நெய்பவள் அவள், பட்டு நூல் கொடுத்தவர் வாலாஜாபாத் ராஜகோபால். அறுபத்தேழாம் வருஷத்து ஐப்பசி மழையில், மூன்று சேலைக்கான நீளவாட்டு நூலான பாவு தறியில் ஏறி, முதல் சேலை பாதி நெய்திருந்த நேரத்தில், கரையின் நிறம் சொன்னபடி இல்லை என்று ராஜகோபால் சண்டைக்கு வந்தார். பாவை அறுத்துக்கொண்டுபோய் வேறொருவரிடம் கொடுப்பாராம். அறுத்தால் அவள் நெய்த பாதியும் பாழ், அந்த மழைக்காலத்துப் பிழைப்பும் பாழ்.

"மாமா, தீர்ப்ப எப்ப வேணா சொல்லுங்க. அதுவரைக்கும் அவரு கத்திரியத் தூக்கிக்கினு வராம நிறுத்துங்க," என்றாள்.

விசாரணைக்கு உமாபதி பஞ்சாங்கம் பார்த்தார். தை மாதம்வரை நல்ல நாளே இல்லை. தடைக்கு மட்டும் நாள் பார்க்கவில்லை. தாளில் உத்தரவு எழுதி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, அரக்கு முத்திரை குத்தித் தறிமரத்தில் ஒட்டிவிட்டு, ஒரு டம்ளர் மோர் குடித்துப் போனார்.

ராஜகோபால் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"இவருக்குத் தீர்ப்பு சொல்லத்தாம்மா அதிகாரம். நடுவுல தடுக்கறது கோர்ட்டு வேலை. நாளான்னிக்கு வர்றேன்."

வடிவாம்பாள் கோர்ட்டுக்குக் கிளம்பியதும் உமாபதிக்கு முகம் சுண்டியது.

"என்னை வெச்சிக்கினே கோர்ட்டுப் படி ஏறினா எனக்கு என்னம்மா மரியாதை?"

"மரியாதைய வெச்சி ஒரு முழம் நெய்ய முடியுமா மாமா?"

அவளுடைய வக்கீல் உமாபதிக்கு இளைத்தவரல்ல. 'பாவு உள்ளது உள்ளபடியே இருக்க வேண்டும்' என்று மனுவில் எழுதினார். அடுத்த வாய்தாவரை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவும் வாங்கிவிட்டு, மீசையை முறுக்கிக்கொண்டார். கத்திரி வரவில்லை, ஈரம் வந்தது. பத்து நாள் நெய்யாமல் கிடந்த பாவில், நூல் விறைப்பாக நிற்கப் போட்டிருந்த கஞ்சி புளித்து நாறியது.

அடுத்த வாய்தாவில் வக்கீல் வாய் திறக்குமுன் வடிவாம்பாள் கைகூப்பினாள்.

"ஐயா, கஞ்சி போட்ட பாவு சும்மா இருந்தா பூசணம் புடிச்சி இத்துப்பூடும். காப்பாத்தணும்னா நெய்யணும். நெய்ஞ்சத நீங்களே வெச்சிக்குங்க."

நீதிபதி வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கூரையைப் பார்த்தார். அவளே நெய்து முடிக்கலாம்; துணி, தீர்ப்பு வரும்வரை கோர்ட்டு நியமிக்கும் கமிஷனர் வசம் இருக்கும் என்று உத்தரவு மாறியது.

கமிஷனர் துணியை எடுத்துப்போக வந்த அன்று உமாபதியும் வந்து நின்றார். "நான் போட்ட உத்தரவத்தான் கோர்ட்டும் போட்டுது, பாத்தியாம்மா?"

"யாரு போட்டா இன்னா மாமா, மூணு சேலையும் பொழச்சிது," என்றாள் வடிவாம்பாள்.

தறியில் கூட உட்கார்ந்து கரையைச் சேலையோடு கோத்துக் கொடுத்த நாத்தனார் கமலவேணி துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"ரெண்டு, அண்ணி. பாதி நெய்ஞ்ச மொதல் சேலை, கோர்ட்டு தொடாதேன்னு சொன்ன பத்து நாள்லயே இத்துப்போச்சு."