ஒரே நாளில் வார்த்த கட்டிகள்

கான்கிரீட் கலவையை அச்சில் வார்த்த கட்டிகளை இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, இயந்திரத்தில் நசுக்கி, எவ்வளவு பாரம் தாங்குகின்றன என்று எழுதுவதுதான் அவருடைய வேலை. பதினெட்டு வருஷமாக உடைத்து உடைத்துத் தெருவுக்கே அவர் 'கட்டி சார்' ஆகிவிட்டார். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் பிழைத்துக் கிடந்தது.

ஆறு மாடிக் கட்டடம் ஒன்று இடிந்து நாற்பது நாளாகிறது. அதில் அரசாங்கப் பதிவேடுகள் இருந்த மாடியில் வேலை பார்த்த அவருடைய அக்காவும் போய்விட்டாள். அரசாங்கம் என்ன சொன்னது? அடியில் மண் இளகிவிட்டதாம். ஆறே நாளில் அறிக்கை! மண்ணாங்கட்டி. பச்சைக் குழந்தைகூட அதை நம்பவில்லை.

அக்கா புருஷனின் முடிதிருத்தும் கடையில் தினமும் இதே பேச்சுதான்.

"குண்டு வெச்சுத்தான் தகர்த்திருக்காங்க. அந்த ஃபைலெல்லாம் வெளிய வந்தா எத்தனை பேர் மாட்டுவானுங்க!" என்பார் மாமா.

"ஃபைலை அழிக்கக் குண்டு எதுக்கு? ஒரு தீப்பெட்டி போதாதா?" என்று பால்காரர் ஒருநாள் கேட்டுவிட்டார். அவ்வளவுதான், கடையே அவரைக் கடித்துக் குதறியது. மாமா போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். அதில் ஓடிய வீடியோவில், கட்டடம் சரியும்போது ஜன்னல்களில் புழுதி பீறிட்டது.

"இது மண்ணா? கண்ணைத் தொறந்து பாருய்யா!"

கட்டி சார் மட்டும் வாய் திறப்பதே இல்லை. துக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். துக்கம்தான், யார் இல்லை என்றது? ஆனால் குண்டு என்று யாராவது சொன்னால் அவருக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

அந்தக் கட்டடத்தின் கட்டிகள் அவரிடம்தான் வந்தன. ஒவ்வொரு மாடிக்கும் தளம் போடும் அன்றே, அதே கலவையில் வார்க்க வேண்டியவை. அவற்றின் மேல் தேதிகள் என்னவோ சரியாகத்தான் கீறப்பட்டிருந்தன. ஆனால் உடைத்துப் பார்த்தால் ஆறு மாடிக்கும் ஒரே செந்நிற ஜல்லி! அந்த ஜல்லி வந்த குவாரியோ முதல் மாடி முடிந்த வாரமே மூடப்பட்டுவிட்டது. நல்ல கலவையில் எல்லாவற்றையும் ஒரே நாளில் வார்த்து வைத்துக்கொண்டு, கட்டியவர்கள் மாடிக்கு மாடி அனுப்பியிருக்கிறார்கள்; மாடிகளில் கொட்டியது வேறு ஏதோ மட்டமான கலவை. அவருக்குப் புரிந்தது. எங்கேதான் நடக்கவில்லை என்று 'தேறியது' என எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கட்டடம் இடிந்தது பற்றி ஊரார் சாட்சி சொல்லவிருந்த விசாரணைக்கு முந்தின நாள் காலை, கட்டி சாருக்குச் சவரம் செய்துகொண்டே மாமா சொன்னார்: "நாளைக்கு நீயும் குண்டுன்னு சொல்லணும் மாப்ளே. கட்டி உடைக்கிறவன் சொன்னா எடுபடும்."

பாதி முகத்தில் நுரையோடு அவர் உடைந்துபோனார். ஜல்லி, குவாரி, கையெழுத்து, ஒன்று விடாமல் கொட்டினார். "குண்டும் இல்ல, மண்ணும் இல்ல மாமா. அக்காவை நான்தான் கொன்னேன்."

மாமாவின் கத்தி நின்றது. கழுத்தை நீட்டிக்கொண்டு கட்டி சார் காத்திருந்தார். வெட்டினாலும் சரி என்றுதான் இருந்தது.

மாமா அவர் கண்ணீரைத் துண்டால் துடைத்தார். "உன்னையும் பேச வெச்சுட்டாங்களா, பாவிங்க? யாரு மிரட்டினது, சொல்லு."

"ஐயோ, யாரும் மிரட்டல மாமா!"

"பயப்படாதே. நான் இருக்கேன்." மாமா மிச்சக் கன்னத்தையும் பூப்போல மழித்துவிட்டு, காத்திருந்தவர்களைப் பார்த்துக் கத்தினார்: "கேட்டீங்களா? என் மச்சானையே மிரட்டியிருக்கானுங்க! நாளைக்கு இதையும் சொல்றேன்!"

கடை கொதித்தது. பால்காரர்கூட, "அப்போ குண்டுதான்" என்றார்.

கட்டி சார் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். சின்ன வயதில் அவர் பொய் சொன்னால் அக்கா முழியைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள், உண்மையையும் அப்படித்தான். அவள் ஒருத்தி நம்பியிருப்பாள்.